கழுத்துக் கருப்பு: சர்க்கரையா, பி12-ஆ?

செங்காங் வாணி:
பின்கழுத்து கருத்தால் வீட்டில் அழுக்கு என்று சொல்லி, எலுமிச்சை, பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்கிறார்கள். தொட்டுப் பாருங்கள். தோல் தடித்து வெல்வெட் போல இருந்து, அக்குளிலும் கருத்து, சின்னச் சின்ன மருவும் தொங்கினால் அது பெரும்பாலும் அகாந்தோசிஸ் நைக்ரிகான்ஸ். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனான இன்சுலின் இரத்தத்தில் கூடிக்கிடந்து, தோல் செல்களை வளரத் தூண்டுவதால் வருவது. தேய்த்தால் எரிச்சலாகி இன்னும் கருக்கும்.

பிடோக் குமார்:
எல்லாவற்றையும் சர்க்கரை தலையில் கட்டாதீங்க அக்கா. பி12 வைட்டமின் குறைந்தாலும் கருக்கும். இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் அது உண்டு. கீரையை எவ்வளவு தின்றாலும் கிடைக்காது. சைவக்காரர்கள் முதலில் இதைத்தான் பார்க்கணும்.

செங்காங் வாணி:
இடத்தைப் பாருங்க தம்பி. பி12 கருமை அதிகம் தெரிவது விரல் முட்டியிலும் உள்ளங்கை ரேகையிலும். முட்டியில் அகாந்தோசிஸும் வரும், குழப்பம்தான். ஆனால் பி12 குறைவில் தோல் தடிக்காது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போய், தாடையில் பருவும் முடியும் சேர்ந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்கணும். அதிலும் இன்சுலின்தான் சினைப்பையை ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கத் தூண்டுகிறது.

மருந்துக்கடை மாறன்:
இரண்டும் ஒருவருக்கே வரலாமே! சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷம் எடுத்தால் பி12 உறிஞ்சுவது குறையும். பாலிகிளினிக்கில் எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவு), பி12 இரண்டு சோதனையையும் கேளுங்கள். பி12 லிட்டருக்கு 150 பிகோமோலுக்குக் கீழே போனால் பொதுவாகக் குறைபாடு என்பார்கள். தோலுக்கென்று பயோட்டின் வைட்டமின் மாத்திரை விழுங்குபவர்கள் சோதனைக்கு இரண்டு நாள் முன்னாடியாவது நிறுத்தணும். தேவை நாளுக்கு 30 மைக்ரோகிராம். மாத்திரையிலோ 5,000, 10,000. தைராய்டு முடிவையே அது புரட்டிவிடும்.

பிடோக் குமார்:
அப்படியானால் 1,000 மைக்ரோகிராம் பி12 போட்டுக்கொள்வதில் என்ன நஷ்டம்?

மருந்துக்கடை மாறன்:
சிலருக்குப் பரு கிளம்பும். சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுங்க.

செங்காங் வாணி:
இன்சுலினால் வந்த கருமை என்றால் சர்க்கரையைக் குறைக்கணும். கோப்பிக்கடையில் வெறும் 'தே' (தேநீர்) என்றால் இனிப்பான கண்டென்ஸ்டு மில்க். எவாப்பரேட்டட் மில்க் ஊற்றும் 'தே சி'-யிலும் சர்க்கரை உண்டு. சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்றால் 'தே சி கொசோங்' என்று கேட்கணும். அதோடு எடையும் குறைந்தால்தான் கருமை மங்கும், அதற்கே பல மாதம் ஆகும். முகப்பூச்சு விளம்பரத்தில் காசைக் கொட்டாதீங்க.

மருந்துக்கடை மாறன்:
ஒன்று விட்டுப்போச்சு. நடுவயதைத் தாண்டியவருக்குத் திடீரென்று கருத்து, வேகமாகப் பரவி, எடையும் தானாக இறங்கினால் இந்த விவாதமெல்லாம் வேண்டாம். உள்ளே புற்று இருக்கலாம், உடனே டாக்டரைப் பார்க்கணும்.