டிரைஹெக்சிபெனிடில் எடுப்பவருக்கு விஎன்ஜி: பர்சூட் தடுமாறுவது மருந்தாலா?

விஎன்ஜி மேசை:
தலைசுற்றலுக்கு வந்தவர்; கண் அசைவைக் கேமராவில் பதியும் விஎன்ஜி எடுத்தோம். மனநோய்க்கு ஹாலோபெரிடால், கூடவே அதன் இறுக்கப் பக்கவிளைவைத் தடுக்க டிரைஹெக்சிபெனிடில் 2 மி.கி. காலை, இரவு. பர்சூட்டில், அதாவது நகரும் புள்ளியைக் கண்ணால் தொடரும் சோதனையில், கண் புள்ளியோடு வழுக்கிப் போகாமல் படிப்படியாகத் தாவுகிறது. கண்ணின் மேல்-கீழ் அசைவைக் காட்டும் செங்குத்துக் கோடு வேறு அடிக்கடி கீழே இறங்குகிறது. மருந்து கண் தசையைத் தளர்த்திவிட்டதா? 48 மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கலாமா?

நியூரோ ஆப்தல்:
தசையைத் தொடாது. கண்ணைத் திருப்பும் ஆறு தசைகளிலும் நரம்புச் சைகையை வாங்குவது நிக்கோட்டினிக் ரிசெப்டர்; இந்த மருந்து அடைப்பது மஸ்கரினிக் என்ற வேறு வகையை. கண்ணில் அது இருப்பது பியூப்பிலை (கண்மணியை)ச் சுருக்கும் தசையிலும், கிட்டப் பார்வைக்கு உதவும் சிலியரி தசையிலும். ஆகவே படிக்கும்போது மங்கல் என்றால் மருந்தைச் சந்தேகிக்கலாம். ஒரு கண்ணை மூடியதும் மறைகிற இரட்டைப் பார்வை என்றால் முதலில் வேறு காரணம் தேடுங்கள்.

பர்சூட் கெடுவது மூளையில். இதே மாதிரி மஸ்கரினிக்கை அடைக்கும் ஸ்கோபோலமைன் கொடுத்தால் பர்சூட் கெயின் (புள்ளியின் வேகத்துக்குக் கண் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்ற விகிதம்) குறையும், சக்கேடின் (கண்ணின் வேகத் தாவலின்) வேகமும் குறையும். ஆனால் இவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்றால் நோயே போதும். டிஃபெண்டார்ஃப், டாட்ஜ் என்ற ஆய்வாளர்கள் 1908-லேயே அதைப் பதிவு செய்துவிட்டார்கள்.

கருவி அனுபவஸ்தர்:
செங்குத்துக் கோடு கண் அசைவே இல்லை என்பது என் கணிப்பு. பியூப்பில் விரிந்திருக்கும், மேல் இமை அதன் தலைப்பகுதியை மறைக்கும். மென்பொருள் மிச்சத்தின் நடுப்புள்ளியைக் கணக்கிடுவதால் கோடு கீழே போகும். கேமரா படத்தைப் பாருங்கள், வட்டத்தின் மேற்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். இமையை டேப் போட்டுத் தூக்குங்கள், மென்பொருள் பியூப்பிலைப் பிரித்தறியும் கருமை அளவை (த்ரெஷோல்டை) திரும்பச் சரிசெய்யுங்கள். புள்ளியைப் பெரிதாக்கி 1 மீட்டருக்குக் குறையாமல் வைத்து, கேலிப்ரேஷனை முதலிலிருந்து செய்யுங்கள். கிட்டே வைத்தால் அவருக்குப் புள்ளியே தெளிவாகத் தெரியாது.

மனநல மருந்தகம்:
நிறுத்தச் சொல்லாதீர்கள். 48 மணி நேரக் கணக்கு மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் மாதிரி தலைசுற்றல் மாத்திரைகளுக்கு. ஹாலோபெரிடால் ஓடிக்கொண்டிருக்க இதை மட்டும் பிடுங்கினால் கழுத்து முறுக்கிக்கொள்ளலாம், கண் மேலே செருகி நின்றுவிடலாம். அப்புறம் அதை இறக்க ப்ரோமெத்தசின் 25–50 மி.கி. ஊசி என்று ஓட வேண்டும்.

எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஒரே நாளில் இரண்டு பதிவு எடுங்கள்: காலை மாத்திரைக்கு முன் ஒன்று, போட்டு 2 மணி நேரம் கழித்து ஒன்று. இரண்டிலும் புள்ளி அதே 0.2, 0.4 ஹெர்ட்ஸில் அசையட்டும். இரண்டாவதில் கெயின் தெளிவாக இறங்கினால் மாத்திரைக்குப் பங்குண்டு. ஒரே மாதிரி இருந்தால் அதனால் மாத்திரை தப்பித்தது என்று எழுதிவிடாதீர்கள். முந்தைய டோஸ் உடம்பில் மிச்சமிருக்கும்.

விஎன்ஜி மேசை:
ஒரு பக்கம் மட்டும் பியூப்பில் விரிந்திருந்தால்?

நியூரோ ஆப்தல்:
ஸ்கோபோலமைன் பட்டை ஒட்டிய கையால் கண்ணைத் தேய்த்தாரா என்று கேளுங்கள். பைலோகார்ப்பின் 1% விட்டும் சுருங்காவிட்டால் மருந்து பட்ட கண்ணாக இருக்கலாம். கண்ணையும் இமையையும் பியூப்பிலையும் இயக்கும் மூன்றாம் நரம்பில் கோளாறு என்றால் சுருங்கும். இமை தொங்கினாலோ தலைவலி இருந்தாலோ சொட்டு விட்டுக்கொண்டு நிற்காமல் உடனே அனுப்புங்கள்.