மேடு பள்ளமான 2 ஏக்கர் புல்தரை: 60 இன்ச் ஜீரோ டர்ன் சரிவருமா?

கேள்வி:
வணக்கம். முன்பு உழவு ஓட்டிய நிலம், இப்போது புல்தரை. பழைய சால் தடமெல்லாம் அப்படியே கிடக்கிறது. நடுவில் 20 மரங்களுக்கு மேல் நிற்பதால் ஸ்டியரிங் வைத்த மோவரை (புல்வெட்டி வண்டி) முன்னும் பின்னும் எடுத்தே பொழுது போய்விடுகிறது. தெரிந்தவர் ஒருவரின் ஜீரோ டர்னை, அதாவது லீவரால் ஓட்டி நின்ற இடத்திலேயே திருப்பக்கூடிய மோவரை, இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அதன் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடித்தட்டு) 60 இன்ச் அகலம். மரத்தைச் சுற்ற அருமை. ஆனால் மேடு வந்த இடமெல்லாம் மொட்டை அடித்துவிட்டது, என் இடுப்பும் போச்சு. சஸ்பென்ஷன் உள்ளதாக வாங்கினால் இரண்டும் தீருமா?

பதில் 1:
முதலில் ஒன்று சொல்லுங்கள்: வெறும் மேடு பள்ளமா, சரிவும் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஜீரோ டர்னின் முன் சக்கரங்கள் சும்மா உருளுபவை, பிரேக் கிடையாது. ஓடுவது, திரும்புவது, நிற்பது எல்லாமே பின் சக்கரங்கள் பார்த்துக்கொள்வதுதான். அவை பிடி விட்டால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. பெரும்பாலான கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் போகாதே என்கின்றன, சிலவற்றில் 10தான். 15 டிகிரி என்றால் 10 மீட்டருக்குச் சுமார் 2.7 மீட்டர் ஏற்றம். நீளப் பலகையைப் புல்மேல் போட்டு, அதில் ஃபோனை வைத்து அளந்து பாருங்கள்.

கேட்டவர்:
அளந்துவிட்டேன் சார். பெரும்பகுதி 4, 5 டிகிரி. குட்டைக் கரையில் மட்டும் 19.

பதில் 1:
கரையை விட்டுவிடுங்கள், அங்கே கையில் பிடிக்கும் புல்வெட்டி போதும். பனி காயாத ஒரு சரிவில் நான் இறங்கியபோது நிறுத்துவதற்காக லீவரைப் பின்னால் இழுத்தேன். டயர் நின்றது, வண்டி நிற்கவில்லை! கீழே வேலி இருந்ததால் தப்பித்தேன். கவிழ்ந்தால் காக்கும் கம்பியை நிமிர்த்தி வைத்து, பெல்ட்டும் போடுங்கள். கம்பியை மடக்கியிருந்தால் மட்டும் பெல்ட் போடக் கூடாது.

பதில் 2:
மொட்டை அடிப்பதற்குக் காரணம் அகலம்தான். 60 இன்ச் டெக் என்பது வளையாத 5 அடி இரும்பு. ஒரு பக்கச் சக்கரம் சாலில் இறங்கினால் அந்தப் பக்க விளிம்பு மேட்டைச் சீவிவிடும். உங்கள் நிலத்துக்கு 48 இன்ச் போதும். இரண்டு நடை கூடுதலாகப் போனால் போகட்டும்.

டெக்கின் விளிம்பில் இருக்கும் குட்டிச் சக்கரங்களையும் பாருங்கள். அவை தரையில் உருள வேண்டியவை அல்ல, அரை முதல் முக்கால் இன்ச் மேலே நிற்க வேண்டும். வெட்டும் உயரத்தை மாற்றினால் அவற்றை மாட்டியிருக்கும் துளையையும் மாற்ற வேண்டும். முக்கால்வாசிப் பேர் வாங்கியதிலிருந்து தொட்டிருக்கவே மாட்டார்கள். பின் டயர் இரண்டிலும் காற்று சமமா என்றும் பாருங்கள். ஒன்றில் குறைந்தால் டெக் சாய்ந்துவிடும்.

பதில் 3:
சஸ்பென்ஷன் என்று பொதுவாகச் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். டோரோ நிறுவனத்தின் மைரைடு மாடல் மாதிரியானவற்றில் சீட்டும் கால் வைக்கும் தளமும்தான் துள்ளலை வாங்கும். இடுப்பு பிழைக்கும், புல்லுக்கு எந்த மாற்றமும் இருக்காது. ஃபெர்ரிஸ் நிறுவன வண்டிகள் மாதிரி சக்கரங்களுக்கே சஸ்பென்ஷன் தருபவையும் உண்டு. ஓட்டிப் பார்க்கக் கேட்டால் கடைவாசல் சிமென்ட் தரையில் வேண்டாம். சால் மாதிரி குண்டும் குழியுமான இடத்தில் கேளுங்கள்.

கேட்டவர்:
இரவல் வண்டியைப் போய்ப் பார்த்தேன். வெட்டும் உயரம் 3 இன்ச், குட்டிச் சக்கரங்களோ ஒன்றரை இன்ச்சுக்கான துளையில்! தரைக்கு மேலே சும்மா தொங்குகின்றன. கீழ்த் துளைக்கு மாற்றி ஓட்டினேன், பாதி மொட்டை குறைந்துவிட்டது. சால் முனைகளில் மட்டும் இன்னும் சீவுகிறது. 48 இன்ச், சக்கர சஸ்பென்ஷன் என்று முடிவு செய்துவிட்டேன். குட்டைக் கரையை நானே கையால் வெட்டிக்கொள்கிறேன்.