மறு: ‘ஆம்பியன்ட் ஹவுஸ்’: ‘சூழிசை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘கே.எல்.எஃப்’ என்ற பிரித்தானிய இசைக்குழு பற்றிய கட்டுரைக்காக, ‘ஆம்பியன்ட் ஹவுஸ்’ என்ற மின்னணு இசைவகைக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘பின்னணி வீட்டிசை’, ‘சுற்றுப்புற இல்ல இசை’, ‘கிடங்கிசை’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் ஹவுஸ். அது ஒரு நடன இசைவகை, வீடே இல்லை. சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ (கிடங்கு) என்ற நடன விடுதியில் 1977 முதல் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அந்த விடுதிப் பெயரின் பின்பாதிதான் இசைக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது என்பார்கள். அந்த வகையில் ‘கிடங்கிசை’ வேரைச் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் படிப்பவருக்கு இசை எதுவும் காதில் விழாது. ஜாஸ், ராக், ரெகே போல ஹவுஸும் அப்படியே இருக்கட்டும்.

அடுத்து ஆம்பியன்ட். ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கென்று ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டு, இந்தப் பெயரை நிலைநிறுத்தினார். கவனித்தும் கேட்கலாம், கவனிக்காமலும் இருக்கலாம், இரண்டுக்கும் அது இடம் தர வேண்டும் என்பது அவர் எண்ணம். ‘பின்னணி’ என்றால் நமக்குத் திரைப்படம்தான். அங்கே இசை காட்சிக்குத் துணை. இங்கே காட்சியே கிடையாது. ‘சுற்றுப்புறம்’ ஓர் இடத்தைச் சொல்கிறது, நிகழ்வைச் சொல்லவில்லை. அதனால்தான் ‘சூழிசை’ என்கிறேன். சூழ்ந்த, சூழ்கிற, சூழும் இசை, வினைத்தொகை. ‘சூழ்ச்சி’ நினைவுக்கு வருகிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சூழ்தலுக்கு ஆழ்ந்து எண்ணுதல் என்ற பொருளும் குறளிலேயே இருக்கிறது. இந்த இசைக்கு அது பொருந்தத்தானே செய்கிறது?

சரி, இரண்டையும் சேர்க்கும்போது எது கடைசியில் வர வேண்டும்? தமிழில் தலைச்சொல் பின்னால்தான் நிற்கும். ‘சூழ் ஹவுஸ்’ என்றால் அது நாலு தட்டு விழும் நடன இசை என்றாகிவிடும். ஆனால் ஆம்பியன்ட் ஹவுஸ் அப்படியல்ல. 1989-இல் லண்டன் ஹெவன் நடன விடுதியில் ஆடிக் களைத்தவர்களுக்காக ஒரு தனி அறையில் இசைக்கலைஞர் அலெக்ஸ் பேட்டர்சனும் கே.எல்.எஃப் குழுவின் ஜிம்மி காட்டியும் இசை ஓடவிட்டார்கள். அங்கே தாளம் பின்வாங்கிவிட்டது. 1990-இல் காட்டியும் பில் டிரம்மண்டும் கே.எல்.எஃப் பெயரில் வெளியிட்ட ‘சில் அவுட்’ தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். சுமார் 44 நிமிடம், டெக்சாஸிலிருந்து லூசியானா வரை ஓர் இரவுப் பயணம். ரயில் ஓடுகிறது, ஆடு கத்துகிறது, சைபீரியாவின் துவா மக்களின் அடித்தொண்டைப் பாடல் வருகிறது, தூரத்தில் எல்விஸின் குரல் கேட்கிறது. முரசு ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால் ‘ஹவுஸ் சூழிசை’ என்பதுதான் சரி. பிறந்த இடம் ஹவுஸ், இயல்பு சூழிசை.

இன்னொன்று. அக்குழுவையே ‘ஆம்பியன்ட் ஹவுஸ் குழு’ என்று வரைவில் எழுதியிருப்பது பொருந்தாது. 1991-இல் அவர்களை உச்சிக்குக் கொண்டுபோன பாடல்களை அவர்களே ‘ஸ்டேடியம் ஹவுஸ்’ என்றார்கள். அங்கே ஹவுஸ் கடைசியில் நிற்பது முறை, ஏனென்றால் அது ஆடவைக்கிற இசை. 1992 மே மாதம் குழுவைக் கலைத்துத் தங்கள் இசைத்தட்டுகளையெல்லாம் பிரிட்டனில் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2021-இல்தான் இணையத்தில் அந்த இசை திரும்பக் கிடைக்கத் தொடங்கியது.

முதல் வரியை இப்படி மாற்றலாமா? “கே.எல்.எஃப் (1987–1992): ஹவுஸ் சூழிசைக்குத் தொடக்கக் காலத்தில் வடிவம் தந்த பிரித்தானிய இரட்டையர்.” மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.