இரவு ஏழு மணிக்கு எல்லோரும் சார்ஜ் செய்தால் கொழும்பு தாங்குமா?

கேள்வி (வெள்ளவத்தை): எங்கள் தொடர்மாடியில் ஒன்றாக இருந்த மின்சாரக் கார் இப்போது ஐந்தாகிவிட்டது, ஐவரும் வேலை முடிந்து வந்து ஏழு மணிக்கே சார்ஜரைச் செருகுவதால், காவலாளி மெயின் சுவிட்சின் அருகிலேயே கதிரை போட்டு அமர்ந்திருக்கிறார். 2025இல் இறக்குமதித் தடை நீங்கிய பின் வரும் வாகனங்களை நம் மின்வலையமைப்பு தாங்குமா?

பதில் 1: 7 கிலோவாற் சார்ஜர்கள் பத்தாயிரம் ஒரே நேரத்தில் இயங்கினாலும் 70 மெகாவாற்தான், நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்தின் 900 மெகாவாற்றுக்கு முன் அது பெரிதன்று. ஆனால் மாலை 6.30 முதல் 10.30 வரையிலான உச்ச வேளையில் கூரைச் சூரிய மின்சாரமும் இல்லாததால், விலைகூடிய எண்ணெய் மின்னிலையங்களை நாடவேண்டிவரும். அதற்கு முன்பே உங்கள் தெரு மின்மாற்றி திணறக்கூடும்.

பதில் 2: பகலையும் கணக்கில் எடுங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்றால் நாடே இருண்டதென்று சிரித்தோம். உண்மையில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்ததும் அந்தச் சரிவுக்குக் காரணம். அத்தகைய நண்பகலில் சார்ஜ் ஏறும் கார் வலையமைப்புக்குச் சுமையன்று, துணை.

கேட்டவர்: அலுவலகத் தரிப்பிடத்தில் செருகுமிடமே இல்லையே! இப்போதைக்கு ஐவரும் முறைவைத்து, 10.30க்குப் பின் டைமரில் விடுவதாகப் பேசியிருக்கிறோம்.