தரப்படுத்தல், அதுதான் 1970களில கெம்பஸ் அனுமதிக்கு மொழி, மாவட்டம் பார்த்து வேற வேற கட் ஓஃப் வச்ச முறை, அந்தச் சொல் வந்தாலே கதை சண்டையா மாறுது, உங்களுக்கும் நடந்திருக்கா?

வெள்ளவத்தையில கல்வி பற்றி ஒரு கலந்துரையாடலுக்குப் போனனான். வந்தது எல்லாம் தமிழ் ஆக்கள்தான். ஹட்டன் பக்கத்துப் பொடியன் ஒருத்தன் மைக்கை வாங்கி, "எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஏ லெவல் சயன்ஸே இல்ல, நான் கெம்பஸ் வந்தது மாவட்டக் கோட்டாவுலதான், அத எடுக்கச் சொல்லாதீங்க" எண்டான். முன் வரிசை ஐயா ஒருத்தர் உடன எழும்பி, "தரப்படுத்தலால எங்கட தலைமுறையே அழிஞ்சது, நீ அதுக்கு வக்காலத்தோ?" எண்டு கத்தத் தொடங்கிட்டார். பொடியன் மைக்கைப் பக்கத்துக் கதிரையில வச்சிட்டு இருந்திட்டான், கை நடுங்கினது தெரிஞ்சது.

ஐயாட கோவம் பொய்யில்ல. 1970-71 அனுமதியில பேராதனை இன்ஜினியரிங்குக்கு உள்ள போக சிங்கள மொழிமூலம் எழுதினவைக்கு 227 மார்க்ஸ் போதும், தமிழ் மொழிமூலத்துக்கு 250 வேணும். பச்சை அநியாயம். ஆனா பொடியன் கதைச்சது அதைப் பற்றி இல்லையே, அதுக்குப் பிறகு வந்த மாவட்ட முறையப் பற்றி. இப்பவும் மெடிசின், இன்ஜினியரிங் மாதிரி பாடங்களுக்கு மெரிட் 40 வீதம், மாவட்டம் 55, பின்தங்கின மாவட்டங்களுக்கு 5 எண்டுதான் போகுது, முல்லைத்தீவு மன்னார் பிள்ளைகளும் அதாலதான் உள்ள வருதுகள். 1948ல குடியுரிமையைப் பறிச்சு, பள்ளிக்கூடங்களை 1970களிலதான் அரசு பொறுப்பெடுத்த மலையகத் தோட்டச் சனத்தின்ர பிள்ளையும் கொழும்பில டியூஷனுக்கு மேல டியூஷன் போற பிள்ளையும் ஒரே கட் ஓஃப் எடுக்கோணும் எண்டா எப்பிடி?

சிங்கள ஃப்ரெண்ட்ஸோட 1956 சிங்களம் மட்டும் சட்டம் பற்றிக் கதைச்சாலும், "வெள்ளைக்காரன் காலத்தில அரசாங்க வேலையெல்லாம் நீங்கதானே வச்சிருந்தீங்க" எண்டு வரும். மிஷன் ஸ்கூலில இங்கிலீஷ் படிச்ச ஒரு பகுதி வேலை எடுத்தது உண்மைதான், கொழுந்து பறிச்ச அம்மா எந்த கந்தோரில இருந்தவ? இனம் எண்டு தொடங்கினா அதுக்குள்ள இருக்கிற ஏற்றத்தாழ்வை ரெண்டு பக்கமும் கதைக்க விடாது, எனக்கு அதுதான் பெரிய வேதனை.

பதில்:
அண்ணே, நான் நுவரெலியா மாவட்டம். எங்க ஒஃபிஸ்லயும் லஞ்ச் டைம்ல இதே சண்டை, "எந்த வருஷத்துக் கதைய சொல்றீங்க"ன்னு கேட்டேன், ஒருத்தர் 1971 சொல்றார், மத்தவர் போன வருஷத்து இசட் ஸ்கோர், அதாவது இப்ப கெம்பஸ் கட் ஓஃபுக்குப் பாக்குற ஏ லெவல் புள்ளி, அத சொல்றார், அது தெரிஞ்ச பிறகுதான் கொஞ்சம் ஒழுங்கா பேச முடிஞ்சுச்சு. ஆனா குறைஞ்ச கட் ஓஃபுக்காக வெளி மாவட்டப் புள்ளைங்க எங்க பக்கம் பதிஞ்சு சோதனை எழுதுறத பத்தி கேட்டேன், எல்லாரும் சாப்பாட்டுப் பார்சல மடிச்சிட்டு எந்திரிச்சிட்டாங்க.