புதுப்பிப்பு: மலேசியா, சுங்கை சிப்புட் மாஸி 135 டிராக்டர் உறுமிவிட்டது!

தோட்டத்துப் பழைய ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த மாஸி பெர்குசன் 135 டிராக்டரைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். இஞ்சின் இறுகிப்போய் அசையவே இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். இஞ்செக்டரை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) கழற்றி உள்ளே டீசலும் கியர் எண்ணெயும் ஊற்றி ஊறவிடச் சொன்னீர்களே, அதுதான் கைகொடுத்தது. ஊறியபின் பெரிய கியரில் போட்டு, பையன்கள் முன்னும் பின்னும் தள்ளத் தள்ள, ஒரு ‘டக்’. இளகிவிட்டது.

ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. டீசல் லைனில் காற்று. ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தால் நுரைதான் வந்தது. கைப்பம்பு லேசாக, பிடிமானமே இல்லாமல் ஆடினால் பம்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். இஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு அடித்தால் பிடிக்கும். கடைசியாக இஞ்செக்டர் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். மூன்றிலும் டீசல் எட்டிப் பார்த்தது, இறுக்கினோம், பெர்கின்ஸ் இஞ்சின் கரும்புகையோடு கத்தியது. பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பாட்டி, “ஐயோ, பழைய சத்தம்டா!” என்று ஓடி வந்தார்.

இன்னும் வேலை பாக்கி. பின்பக்க எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருக்கிறது, தண்ணீர் இறங்கியிருக்கிறது. இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் (பின்னால் கருவிகளைத் தூக்கும் அமைப்பு) ஒரே எண்ணெய், ஆக முழுதாக வடித்துக் கழுவியாக வேண்டும். பிரேக் அதன்பிறகு. பெயிண்ட் பற்றிக் கேட்ட அண்ணன்மாரே, அது கடைசிதான்.