பழைய லினக்ஸ் டிரைவர் கோடைப் படிக்கிற மாதிரி மாற்ற எங்கே தொடங்குவது?

கேள்வி:
எஸ்பிஐ (சிப்களுக்கிடையே தரவு அனுப்பும் சீரியல் பஸ்) கன்ட்ரோலருக்கான பழைய பிளாட்ஃபார்ம் டிரைவர். ஒரே கோப்பில் 1,400 வரி. ரெஜிஸ்டர்கள் (ஹார்டுவேரைக் கட்டுப்படுத்தும் இடங்கள்) எல்லாம் கோடில் வெறும் எண்கள். ப்ரோப் ஃபங்ஷன் (சாதனத்தைத் தொடங்கிவைப்பது) மட்டும் 230 வரி. பிழை வருகிற ஒவ்வொரு இடத்திலும் கிளாக்கை நிறுத்தும் அதே நான்கு வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நடுநடுவே யூடிலே(50), அதாவது 50 மைக்ரோ வினாடிக் காத்திருப்பு. ஏன் 50 என்று எங்கும் குறிப்பில்லை. ஹார்டுவேர் நடத்தை மாறாமல் இதைச் சீராக்க வேண்டும். ரெஜிஸ்டர்களை சி பிட்ஃபீல்ட் ஸ்ட்ரக்டாக (பிட்களுக்குத் தனித்தனிப் பெயர் தரும் அமைப்பு) எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும், அது சரிவருமா?

பதில் 1:
பிட்ஃபீல்ட் ஸ்ட்ரக்ட் வேண்டாம். எந்த பிட் முதலில் வரும் என்பதை சி மொழி நிர்ணயிப்பதில்லை, கம்பைலரின் விருப்பம் அது. 32 பிட்டாக மட்டுமே தொட வேண்டிய ரெஜிஸ்டரை ஒற்றை பைட்டாக எழுதிவிடவும் கூடும்.

சிப்பின் டேட்டாஷீட்டில் இருக்கும் பெயரையே மேக்ரோவுக்கும் (எண்ணுக்குப் பதிலாக எழுதும் பெயர்) வையுங்கள். படிப்பவர் அந்தப் பெயரை பிடிஎஃபில் தேடினால் அகப்பட வேண்டும். கிளாக் டிவைடர் 8 முதல் 12 வரையுள்ள பிட்களில் இருந்தால், அந்த பிட்கள் மட்டும் 1 ஆக உள்ள மாஸ்க்கைத் தரும் ஜென்மாஸ்க்(12, 8). பெரிய எண் முதலில். மாற்றிப் போட்டால் கம்பைல் ஆகாது. மதிப்பை வைக்க ஃபீல்ட்_பிரெப், எடுக்க ஃபீல்ட்_கெட்.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஃபீல்ட்_பிரெப் பழைய பிட்களை அழிக்காது. முதலில் மாஸ்க்கால் துடைத்துவிட்டுத்தான் பிட்வைஸ் ஆர் செய்ய வேண்டும். அடுத்தது, ஐந்து பிட்டில் 31க்கு மேல் கொள்ளாது. நேரடி எண்ணாக 40 கொடுத்தால் கம்பைலர் தடுத்துவிடும். ஓடும்போது ஒரு மாறியில் 40 வந்தாலோ சத்தமில்லாமல் 8 ஆகிவிடும், எஸ்பிஐ வேகம் தவறாகப் போகும். வரம்பை முன்கூட்டியே சோதியுங்கள்.

இன்னொன்று: 1 எழுதினால் அழியும் வகை ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் படித்து-மாற்றி-எழுதும் முறையே கூடாது. காத்திருக்கும் மற்ற இன்டரப்ட்களும் (ஹார்டுவேர் அனுப்பும் அறிவிப்புகள்) சேர்ந்து அழிந்துவிடும். இதை மேக்ரோவுக்குப் பக்கத்திலேயே ஒரு வரிக் கமென்டாகப் போடுங்கள். இல்லாவிட்டால் பிறகு யாராவது 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று பொதுவான அப்டேட் ஃபங்ஷனுக்கு மாற்றிவிடுவார்.

பதில் 2:
ப்ரோப் பற்றி. அந்த நான்கு வரிகளை ஃபங்ஷன் கடைசியில் கோட்டூ லேபிள்களாக, வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக வைக்கலாம். லேபிளுக்கு எர்1, எர்2 என்று பெயர் வைக்காதீங்க. எர்_டிசேபிள்_கிளாக் மாதிரி, அங்கே என்ன நடக்குதோ அதையே வையுங்க. இதைவிடச் சுலபம் டெவ்எம் ஃபங்ஷன்கள், வாங்கியதைக் கெர்னலே பிறகு விடுவிச்சிடும். ஆனா பாதி டெவ்எம், பாதி கையால் என்று கலந்தீங்கன்னா பழைய கோடைவிட மோசமாகும்.

காரணம் இதுதான். டெவ்எம் வழியா வாங்கியவை ரிமூவ் ஃபங்ஷன் (டிரைவரைக் கழற்றும்போது ஓடுவது) முடிந்த பிறகுதான் விடுபடும். இன்டரப்ட்டை டெவ்எம்மில் வாங்கி, கிளாக்கை ரிமூவில் கையால் நிறுத்தினா, நடுவில் ஒரு இடைவெளி இருக்கு: கிளாக் இல்லை, இன்டரப்ட் ஹேண்ட்லர் உயிரோடு இருக்கு. அந்த நேரம் இன்டரப்ட் வந்து ஹேண்ட்லர் ரெஜிஸ்டரைப் படிச்சா, பல ஆர்ம் சிப்களில் பஸ் அப்படியே தொங்கிடும், இல்லாட்டி எக்ஸ்டர்னல் அபார்ட் (பஸ் பிழை) வரும். படிக்கும்போது கோட் சுத்தமா தெரியும், அதனால ரிவியூவில் கண்ணில் படாது.

கிளாக்கை டெவ்எம்_சிஎல்கே_கெட்_எனேபிள்டு மூலம் முதலில் வாங்கி, இன்டரப்ட்டை அதற்குப் பிறகு வாங்குங்க. விடுபடும்போது தலைகீழ் வரிசை என்பதால் இன்டரப்ட் முதலில் போகும். டெவ்எம் வடிவம் இல்லாததற்கு டெவ்எம்_ஆட்_ஆக்‌ஷன்_ஆர்_ரீசெட் இருக்கு. பகிர்ந்த இன்டரப்ட்டா இருந்தா கெர்னல் அமைப்பில் கான்ஃபிக்_டிபக்_ஷிர்க்கை ஆன் பண்ணிச் சோதியுங்க. விடுவிக்கும்போது ஹேண்ட்லரை ஒரு தடவை வேணும்னே கூப்பிடும், இந்தப் பிழை உடனே வெளியே வந்துடும்.

பிழைச் செய்திக்கு டெவ்_எர்_ப்ரோப். தேவையான வேறொன்று இன்னும் தயாராகாமல் ப்ரோப் தள்ளிப்போகும்போது பிழைச் செய்தி போட்டு லாக்கை நிரப்பாது, பிழை எண்ணையும் அதுவே திருப்பித் தருவதால் ஒரே வரியில் ரிட்டர்ன் பண்ணலாம்.

பதில் 3:
யூடிலே(50) எதற்காக என்று டேட்டாஷீட்டில் தேடிப் பாருங்கள். ஏதாவது ஒரு 'தயார்' பிட்டுக்காகக் காத்திருப்பதாக இருந்தால் ரீட்எல்_போல்_டைம்அவுட் போடுங்கள்: 10 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை பார், 1,000 மைக்ரோ வினாடி கடந்தால் கைவிடு என்பது அந்த ஒரே அழைப்பில் தெரிந்துவிடும். தூங்கவே கூடாத ஸ்பின்லாக்குக்கு உள்ளே என்றால் அதன் அட்டாமிக் வடிவம், சாதாரணமானது தூங்கக்கூடியது. காரணமே கிடைக்காத 50ஐத் தொடாதீர்கள், 'காரணம் டேட்டாஷீட்டில் இல்லை' என்று மட்டும் எழுதி வையுங்கள்.

இதில் நடத்தை மாறும் என்பதால் தனி பேட்ச். பெயர் மாற்றம் ஒரு பேட்ச், கோடை இடம் மாற்றுவது இன்னொன்று, தர்க்க மாற்றம் வேறொன்று. பெயர் மாற்ற பேட்ச்சுக்கு முன்னும் பின்னும் அப்ஜ்டம்ப் (கம்பைல் ஆன கோடைக் காட்டும் கருவி) எடுத்து ஒப்பிட்டால் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
எண்களை மேக்ரோவாக மட்டும்தான் மாற்றினேன். ஆனாலும் அப்ஜ்டம்ப்பில் இரண்டு இடம் வேறுபடுகிறது.

பதில் 3:
அந்த இடங்களில் வார்ன்_ஆன் (எச்சரிக்கை மேக்ரோ) இருக்கிறதா பாருங்கள். அது வரி எண்ணைத் தன்னோடு பதித்துக்கொள்ளும். மேலே மேக்ரோ வரிகள் சேர்ந்ததால் எண் நகர்ந்திருக்கும், அது பரவாயில்லை. வார்ன்_ஆன் இல்லாத இடம் என்றால் மாஸ்க் ஒன்று தவறியிருக்கிறது. ஜென்மாஸ்க் 64 பிட் கெர்னலில் 64 பிட் எண்ணைத் தரும். மாஸ்க்கைத் தலைகீழாக்கி யூ32 (32 பிட் எண்) அல்லாத மாறியோடு சேர்த்த வரியை முதலில் பாருங்கள்.